லயத்து வாசலில் முளைத்த தபான்

ஐந்து வருஷம் தோட்டக் கூலியாக இருக்கக் கைநாட்டு வைத்தவர் என் வீட்டுக்காரர். நாகப்பட்டினத்து டிப்போவில் ஆள் பிடிக்கிறவன் இரண்டு வருஷம் என்றுதான் சொன்னான். காகிதத்தில் ஐந்து என்று இருந்த சங்கதி, பினாங்கில் இறங்கி மலையேறி, தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி அதைப் படித்துக் காட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். கிராணி மிரண்டுபோய், தான் அதை எழுதவில்லை, படிக்க மட்டும்தான் செய்கிறேன் என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

நான் அழுதது என் மகளுக்காக. இரண்டு வருஷம்தானே என்று அவளை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது. கப்பலில் சின்னக் குழந்தைகள் பேதி கண்டு போய்விடுகின்றன என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். என் அக்காவுக்குக் குழந்தை இல்லை. என்னிடம் இருக்கட்டும், வந்து எடுத்துக்கொள் என்று அவள்தான் கேட்டாள். நானும் சரி என்றேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, சரி என்றது என் வாய்தான்.

எங்கள் தோட்டம் தண்ணிமலை அருவிக்கு மேலே, பாதி மலையில் இருந்தது. அப்போது மலைக்கு ரயில் வரவில்லை. துரைமாரை டோலியில் தூக்கிப் போவார்கள், நாங்கள் நடப்போம். அது அரசாங்கத் தோட்டமல்ல, ஒரு தனித் துரையுடையது. கிராம்பு, ஜாதிக்காய், பூச்செடி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து எதிலும் நிலைக்காத மனிதர். கூலிகளுக்கு ஆறு அறை கொண்ட ஒரு லயம், மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. லயத்தின் முதுகில் காடு ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே இறங்க ஒரே பாதை. அதன் அடியில் ஒரு கேட்டும், கேட்டில் ஒரு காவல்காரரும் இருந்தார்கள். துரை கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாமல் அவர் ஒரு ஆளையும் வெளியே விடமாட்டார்.

லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால் டவுனும் துறைமுகமும் தெரியும். நாகப்பட்டினத்துக்குப் போகிற கப்பல் எது என்று புகைபோக்கியை வைத்தே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். அது கிளம்பி, தீவைச் சுற்றிக்கொண்டு மறைகிறவரை நிற்பேன். பிறகு இறங்கி வந்து உலை வைப்பேன். காடு, பாறை, கேட்டு, இந்த மூன்றுக்கும் நடுவில் நான் எத்தனை நாள் நடந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

வந்த சில மாதத்தில் துரைக்குத் தபான் பைத்தியம் பிடித்தது. தபான் என்பது ஒரு காட்டு மரம். பட்டையைக் கீறினால் பால் வரும். ரப்பர் மாதிரி இழுபடாது, உறைந்தால் கட்டியாகிவிடும், வெந்நீரில் போட்டால் மாவு போலப் பிசையலாம். கடலுக்கடியில் போகிற தந்திக் கம்பிக்கு அதைத்தான் உறையாகச் சுற்றுவார்களாம். அந்தக் கம்பி பினாங்கிலிருந்து மதராஸ் வரை கடலில் கிடக்கிறது என்று கிராணி சொன்னார். காலையில் இங்கே ஒரு சொல்லைத் தட்டினால் பொழுது சாய்வதற்குள் அங்கே போய்ச் சேருமாம். எனக்கு அந்தச் சொல்லின் மேல் பொறாமையாக இருந்தது.

பாலுக்காக மரத்தையே வெட்டி வெட்டி, மலையில் பெரிய தபான் என்று ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் லயத்துக்கு மேலே இருந்த பள்ளத்தில் மட்டும் ஒரு கிழட்டு மரம் யார் கண்ணிலும் படாமல் தப்பி நின்றது. அதன் விதையில் கன்று போட்டு ஒரு தோட்டமே வைக்க வேண்டும் என்பது துரையின் ஆசை. என் வீட்டுக்காரர் மரமேறுவதில் கெட்டிக்காரர், செடி அவர் கைக்குப் பிழைக்கும் என்ற பேரும் இருந்தது. ஒருநாள் பேர் கூப்பிடும் நேரத்தில், எல்லாரும் கேட்க, துரை தன் அரைகுறைத் தமிழில் அவரிடம் சொன்னார்.

"நூறு கன்னு உயிரோட காட்டு. உன் காகிதம் நானே கிழிச்சுப் போடறேன். கப்பல் சீட்டும் நானே தர்றேன்."

துரை கிறுக்கரே தவிர, சொன்ன சொல் மாறாதவர். அது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எங்கள் அறையில் விளக்கை அணைக்கவே எனக்கு மனமில்லை. நூறு கன்று என்ன பெரிய காரியம், எங்கள் ஊரில் கத்தரி நாற்று ஒரு பாத்தியில் நூறு வரும் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் மரம் காய்த்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய விதை, அதைச் சுற்றித் தித்திப்பான சதை. ஆனால் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். எது பழம், எது காய் என்று பார்த்துச் சொல்ல முடியாது. இவர் காய் என்று விட்டுவிட்டு வந்ததையெல்லாம் ராத்திரியில் வவ்வால்கள் கொண்டுபோய்விடும். பகலில் அணில் கடித்துப் போடும். மறுநாள் போய்ப் பார்த்தால் கிளையில் காம்புதான் இருக்கும். துரை கோணிப்பைகள் கொடுத்தார். இவர் உயிரைப் பிடித்துக்கொண்டு மரமேறி, காய்த்த கிளைகளுக்கெல்லாம் பை கட்டினார். பைக்குள் மழைத் தண்ணீர் இறங்கி எல்லாம் அழுகியது. எறும்பு கூடு வைத்தது. மிஞ்சியதை மூங்கில் குழாயில் மண் போட்டு ஊன்றி, தினமும் தண்ணீர் தெளித்தார். ஒன்று முளைக்கவில்லை.

அத்தனை பேருடைய கோபமும் வவ்வால் மேல் திரும்பியது. நீளக் கம்பில் வலை கட்டி வவ்வால் பிடித்தார்கள். பிடித்ததை லயத்தில் சிலர் சமைத்தும் சாப்பிட்டார்கள், இளைப்பு நோய்க்கு நல்லது என்று. இவர் பிடித்துக் கொன்றதை வாசலில் கொண்டுவந்து போட்டு எனக்குக் காட்டுவார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மகளிடம் போகவிடாமல் குறுக்கே நின்ற ஒரு சத்துரு ஒழிந்தது என்று நினைப்பேன்.

அடுத்த வருஷம் மரம் பூக்கவே இல்லை. அது அப்படித்தானாம், ஒரு வருஷம் கொடுக்கும், ஒரு வருஷம் ஏமாற்றும். அந்த வருஷம் முழுக்க நான் செய்த ஒரே உருப்படியான வேலை கடிதத்துக்குக் காத்திருந்ததுதான். கிராணி படித்த கடிதங்களில் எல்லாரும் எப்போதும் சுகமாகவே இருந்தார்கள். மகள் ஓடுகிறாள், பாடுகிறாள், மாம்பழம் என்றால் உயிர். அவ்வளவுதான் இருக்கும். அவள் என்னைத் தேடுகிறாளா என்று ஒரு கடிதத்திலும் இல்லை. கிராணி விட்டுவிட்டுப் படிக்கிறாரோ என்ற சந்தேகத்தில்தான் பிற்பாடு நானே எழுத்துக் கற்றுக்கொண்டேன். இதையெல்லாம் இன்றைக்கு எழுதி வைக்க முடிகிறது என்றால் அந்தச் சந்தேகம் போட்ட பிச்சை.

மூன்றாம் வருஷம் மரம் மறுபடி காய்த்தது. இந்தத் தடவை இவர் மரத்தடியிலேயே பரண் போட்டுக் காவல் இருந்தார். தகரம் தட்டி வவ்வாலை விரட்டினார். கீழே விழுந்ததையெல்லாம் பொறுக்கினார். பாதி அணில் கடித்த பிஞ்சு, மீதியில் வண்டு துளைத்திருந்தது. மரத்தைச் சுற்றித் தரையில் தானாகவே கொஞ்சம் முளைத்தன. இவர் ஓடிவந்து என்னிடம் சொன்னார், புல் மாதிரி முளைத்திருக்கிறது என்று. வேர் பிடிக்கட்டும் என்று விட்டு, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மொட்டைத் தண்டுகள் நின்றன. மரத்திலிருந்து இறங்கிய புழு இலையைத் தின்றது, பூஞ்சணம் வேரைத் தின்றது, மிச்சத்தைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது. அதோடு இவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். நான் அந்தச் சமயம் நிறைமாதக் கர்ப்பிணி. மரத்தில் இன்னும் பழம் ஓயவில்லை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

லயத்துக் கூரை வாசல் பக்கம் நன்றாக இறங்கியிருக்கும். தபான் காய்க்கிற காலத்தில் அந்தக் கூரை விளிம்புக்கு அடியில் ராத்திரியில் நாலைந்து வவ்வால் வந்து தொங்கும். பழ வவ்வால், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எதையோ சப்பிச் சப்பித் தின்று, சக்கையையும் கொட்டையையும் வாசலில் துப்பிவிட்டுப் போகும். சுவரெல்லாம் மஞ்சள் மஞ்சளாகக் கழிந்து வைக்கும். காலையில் கதவைத் திறந்தால் அந்த நாற்றம்தான் என்னை வரவேற்கும். நான் ஈர்க்குமாறை எடுத்து ஒரு துணுக்கு விடாமல் கூட்டி, குப்பைக் குழியில் கொட்டி, துரை வீட்டுத் தொழுவத்துச் சாணியைக் கரைத்துத் தெளித்து, கோலம் போடுவேன். குழியில் கொசுவுக்காகச் சாயங்காலம் நெருப்பு வைப்போம். ஆறு வாசலில் என் வாசல்தான் சுத்தம் என்று எனக்குக் கர்வம். கடல் கடந்து வந்தும் வாசலில் கோலம் தவறவில்லை என்று ஊருக்கு எழுதக்கூடச் சொன்னேன்.

வவ்வால் எதைத் தின்கிறது என்று நான் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. அசிங்கத்தை யார் பார்ப்பார்கள்?

மகன் பிறந்தான். பிரசவம் பார்த்தவள் பக்கத்து அறை அக்கா. எங்களுக்கு முன்னால் வந்து, மலாய்ச் சொல்லெல்லாம் வாயில் ஒட்டிப்போனவள். தீட்டுக் கழிகிறவரை முப்பது நாள் நான் வாசல் தாண்டக் கூடாது. தீட்டு வீட்டு வாசலில் துடைப்பம் படக் கூடாது, சாணி தெளிக்கக் கூடாது, கோலம் கிடையாது. அக்காவும் அதை மீறமாட்டாள். சோற்றைக் கொடுத்துவிட்டுப் போய்த் தலை முழுகுவாள். என் வீட்டுக்காரரோ துரையின் புல்தரையை நாள் முழுக்கக் கூட்டுகிறவர், ஆனால் வீட்டு வாசலில் ஆம்பிளை துடைப்பம் எடுத்தால் லயமே சிரிக்கும். முப்பது நாள் முடிந்தபோது எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தீட்டுக் கழிக்காமலே இன்னும் இரண்டு வாரம் அந்த ஜன்னலில்லாத அறையில் கிடந்தேன். விடாத மழை. ஓலை மேல் விழுகிற மழையையும், குழந்தையின் அழுகையையும், வெளியே வவ்வால்கள் கீச்சிட்டுச் சண்டை போடுவதையும் தவிர வேறு சத்தம் எனக்கு இல்லை. இங்கேயே செத்துவிடுவேன், என் மகளுக்கு என் முகமே தெரியாமல் போய்விடும் என்று அழுதேன். மலைக்கு வந்ததிலிருந்து அதுதான் மோசமான காலம்.

எழுந்து நடக்க முடிந்த அன்று முதல் வேலையாகக் கதவைத் திறந்தேன். வாசலைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றரை மாதத்துக் குப்பை, அதில் களை முளைத்து, சேறாகிக் கிடந்தது. துடைப்பத்தால் ஆகாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்று குந்தி உட்கார்ந்தேன். ஒரு பிடி பிடுங்கிவிட்டேன். இரண்டாம் பிடியில் ஒரு செடியின் இலை புரண்டது. மேலே கரும்பச்சை, அடியில் பொன் நிறம், பட்டுப் போல மெத்தென்று இருந்தது. இவர் எத்தனையோ தடவை மடியில் செருகிக்கொண்டு வந்து காட்டிய அதே இலை. தண்டைக் கிள்ளினேன். வெள்ளையாகப் பால் எட்டிப் பார்த்தது.

பிடுங்கி எறிந்தவற்றையெல்லாம் திரும்பப் பொறுக்கி, மடியில் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டில் வரிசையாக நின்றன. நாற்பதுக்கு மேல் இருக்கும். என் வாசலில் மட்டும். பக்கத்து வாசல்களெல்லாம் பளபளவென்று கூட்டி மெழுகியிருந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. முதல் வருஷமும் இவைதான் விழுந்தன. இந்த வருஷம் பருவம் முழுக்கவும் இவைதான் விழுந்தன. இவர் காட்டில் உயிரை விட்டுக்கொண்டு தேடியதை, வவ்வால் தினமும் என் வாசலிலேயே கொண்டுவந்து போட்டது. நான் தினமும் கூட்டி நெருப்பில் போட்டேன். என் மகளிடம் போகிற வழியை இரண்டு பருவமும் நானே கூட்டித் தள்ளினேன். மேலே கோலம் வேறு போட்டேன்.

இவர் வேலை முடிந்து வந்தார். வழக்கம்போலச் சேற்றில் நாலு கன்றை மிதித்துக்கொண்டு வந்தார். ஒன்றரை மாதமாக இருட்டில் போய் இருட்டில் வந்து அப்படித்தான் மிதித்திருக்கிறார். "கால எடுங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்தார், இலையைத் திருப்பினார், தரையில் உட்கார்ந்தார்.  பிறகு, கொன்ற வவ்வால்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் மரத்தடிக்குப் போகவில்லை. வவ்வால் உட்கார்ந்து தின்கிற இடமாகத் தேடினார். விசிறி மட்டைப் பனைக்கு அடியில், பாறை இடுக்கில், டோலி நிறுத்துகிற கொட்டகையில் என்று ஒவ்வொரு இடத்திலும் இருந்தன. வவ்வால் ஒருநாளும் காய்த்த மரத்திலேயே உட்கார்ந்து தின்பதில்லை. அங்கே ஆந்தை வரும், பாம்பு வரும். பறித்துக்கொண்டு தள்ளிப் போய்த்தான் தின்னும். எது பழுத்தது என்று அதன் மூக்குக்குத் தெரியும். சதையைச் சப்பிவிட்டுச் சுத்தமான கொட்டையாகப் போடும். நாங்கள் கோணியும் தகரமுமாகப் பட்ட பாட்டை அது ஒரு நொடியில் செய்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் காட்டைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அதுவரை எனக்கு அது பச்சைச் சுவர். இப்போது அதில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். குரங்கு கன்னப்பையில் பழத்தை அடைத்துக்கொண்டு ஓடி, நின்ற இடத்திலெல்லாம் கொட்டையைத் துப்பும். மரநாய் பாறை மேல் போட்டுவிட்டுப் போன கழிவில் காட்டுப்பனை விதைகள் முழுசாக இருக்கும். பாலிக் புலாவ் பக்கத்து ஜாதிக்காய்த் தோட்டக்காரர்கள் பெர்காம் புறாவைத் திட்டாத நாள் கிடையாது. அது ஜாதிக்காயை முழுசாக விழுங்கி, மேலே சுற்றியிருக்கிற சிவப்புப் பத்திரியை மட்டும் செரித்துக்கொண்டு, கொட்டையை எங்கோ காட்டில் கக்கிவிடும். ஒரு மரப்பொந்துக்குள் இருவாச்சிப் பறவை தன் பெட்டையை வைத்துப் பொந்தின் வாயைப் பூசி அடைத்திருக்கிறது, ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது, கீழே கொட்டை குவிந்து நாற்றாக நிற்கிறது, வந்து பார் என்று பக்கத்து அறை அக்கா கூப்பிட்டாள். அடைபட்ட ஒருத்தியைப் பார்க்க நான் மலையேற வேண்டுமா, வீட்டிலேயே இருக்கிறாளே என்றேன்.

மரத்தால் நகர முடியாது. தன் பிள்ளையைத் தானே கொண்டுபோய் ஒரு நல்ல இடத்தில் விட முடியாது. அதனால் தித்திப்பைக் கூலியாகக் கொடுத்து, யாரோ ஒரு பிராணியை நம்பி அனுப்புகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு அந்தக் கிழட்டு மரத்தின் மேல் பாவமாக இருந்தது.

நூறு கன்றும் சேர்ந்தன. நூற்றுப் பதினேழு என்று நினைவு. மூங்கில் குழாய்களில் ஊன்றி, நிழல் பந்தலுக்கடியில் நிறுத்தி, துரையைக் கூப்பிட்டார் இவர். துரை ஒவ்வொன்றின் இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படி என்று கேட்டார். இவர் சொன்னார், என் வாசலைப் பற்றியும் சொன்னார். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாய் மரத்துக்கு அடியில் விழுகிற விதை பெரும்பாலும் பிழைக்காது, அங்கே அதைத் தின்கிற புழுவும் நோயும் காத்திருக்கும், தூரமாகப் போய் விழுந்தால்தான் பிழைக்கும் என்று எல்லாருக்கும் விளக்கினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று கேட்டேன். கூட நின்ற பக்கத்து அறை அக்கா என் தோளைத் தொட்டாள்.

"கேட்டியா தங்கச்சி, தள்ளி விழுந்ததுதான் பொழைக்குதாம். ஒன் மவளும் அங்க நல்லாத்தான் இருக்கும்லா. சூசாப்படாத."

கவலைப்படாதே என்று அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நான் மரமில்லை, எனக்குக் கால் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே கத்திவிட்டேன். துரை திரும்பிப் பார்த்தார்.

அவர் சொன்ன சொல் காப்பாற்றினார். கிராணியிடமிருந்து காகிதத்தை வாங்கி, எங்கள் கண் முன்னால் நாலாகக் கிழித்தார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். நாற்றங்காலில் ஆள்களை மேற்பார்க்க ஒரு மண்டோர் வேண்டும், இந்த வேலை தெரிந்தவன் நீ ஒருவன்தான், இருந்தால் தனி வீடு, போனால் கப்பல் சீட்டு, உன் இஷ்டம் என்றார். இவர் என்னைப் பார்க்கவில்லை. கன்றுகளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். மூன்று வருஷம் எதற்காகக் காத்திருந்தோம் என்று கேட்டேன். ஊரில் அவருக்கு என்ன இருக்கிறது, அடுத்தவன் வயலில் குனிந்து நிற்க வேண்டும், இங்கே முதல் தடவையாக ஒருவன் தன்னிடம் யோசனை கேட்கிறான் என்றார். அதில் பொய் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நான் மட்டும் போகிறேன் என்றேன்.

"போ. ஆனா பையன வச்சுட்டுப் போ" என்றார். பிறகு அவரே குரல் இறங்கி, "நீ போனா வரமாட்டே. அவள இங்க கூட்டிக்கலாமே" என்றார்.

ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு பிள்ளையிடம் போக வேண்டும். காகிதம் கிழிந்த அன்றைக்குத்தான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் பாறைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, இவரிடம் பேசவில்லை. நாலாம் நாள், மகளை அனுப்பி வை என்று ஊரில் என் அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். துரை கொடுத்த சீட்டு அதற்கே ஆயிற்று. அடுத்த வருஷம் ஊருக்குப் போய்வர இருந்த பக்கத்து அறை அக்காவும் அவள் புருஷனும் அழைத்து வருவதாக ஏற்பாடு.

என் அக்காவின் பதில் வந்தது. அதைப் படிக்கும்போது கிராணி பாதியில் நிறுத்தினார். படியுங்கள் என்றேன். மகள் தன்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள், தன் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குகிறாள், உனக்கு ஒரு மகன் இருக்கிறான், இவளை எனக்கு விட்டுவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். என் அக்கா யார் காலிலும் விழுகிறவள் இல்லை.  ஆனால் அடைபட்டுக் கிடந்த இத்தனை வருஷத்தில் எனக்கென்று நான் கேட்டது அந்த ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாளே என்ற கோபம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. பெற்றவள் நான், அனுப்பு என்று மட்டும் எழுதச் சொன்னேன். கிராணி வேறு ஏதாவது சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கப்பல் வந்த அன்று இவருக்கு நாற்றங்காலில் வேலை. கேட்டில் இப்போது துண்டு கேட்கவில்லை, மண்டோர் பெண்சாதிக்குக் காவல்காரர் வணக்கம்கூட வைத்தார். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையிலேயே துறைமுகத்துக்குப் போய் நின்றேன். வெகுநேரம் கழித்துச் சனங்கள் இறங்கி வந்தார்கள். பக்கத்து அறை அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை, புதுப் பாவாடை. முகம் என் அக்காவின் சாயலில் இருந்தது. நான் மனசில் வைத்திருந்த முகம் ஒரு இடத்திலும் இல்லை.

"இதான் ஒங்க அம்மா" என்றாள் பக்கத்து அறை அக்கா.

மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். இடுப்பில் இருந்த தம்பியைப் பார்த்தாள். அடம் இல்லை, பயம் இல்லை, தெரியாத ஒருவருக்குத் தகவல் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"எங்கம்மா ஊர்ல இருக்காங்க."

 நான்தான் அம்மா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்று ஏதேதோ சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, இந்தக் கப்பல் எப்போது திரும்பிப் போகும் என்று பக்கத்து அறை அக்காவிடம் கேட்டாள்.  நான் கையை நீட்டினேன். பெரியவர்கள் நீட்டினால் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாற்போல அவளும் கையைக் கொடுத்தாள். என் அக்கா அவளை நன்றாக வளர்த்திருந்தாள்.

அந்தக் கை என் கைக்குள் ஒரு பொருள் மாதிரி இருந்தது. நான் அவளை மீட்டுக்கொண்டு வரவில்லை, ஒரு தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுவண்டியில் ஏற்றி உட்கார வைத்தேன். அவள் கடல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கப்பல் மறைகிறவரை பார்த்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்.